மூன்று புரொப்பெல்லர்கள், இரண்டு கியர் பெட்டிகள்

படகின் பின்பலகையில் படிந்திருந்த கரியை ஒரு நாள் விரலால் வழித்துப் பார்த்தேன். உலர்ந்த கரி இல்லை. எண்ணெய்ப் பசையோடு, கண்மை போல விரல் ரேகைக்குள் இறங்கிக்கொண்டது. சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு அடுத்த ஓட்டம் போய்த் திரும்பினால் அதே இடத்தில் அதே கருப்பு. எஞ்சின் மாற்றி இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

என் படகு 30 அடி நீளம். ஆட்கள், டீசல், தண்ணீர் எல்லாம் ஏறிய பிறகு ஏறக்குறைய நாலரை டன். ஒரே எஞ்சின், ஒரே தண்டு, ஒரே புரொப்பெல்லர். பழைய எஞ்சின் நிதானமாகச் சுற்றுகிற ரகம். அது ஓய்ந்த பிறகு, நல்ல நிலையில் இருந்த 150 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் ஒன்றை வாங்கி இறக்கினேன். அதன் உச்ச வேகம் 3,600 ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு 3,600 சுற்று. கூடவே கியர் பெட்டியும் பொருத்தியபடியே வந்தது. தனியாகத் தேடி அலைய வேண்டாம் என்று மகிழ்ந்தேன். பெட்டியின் தகட்டில் 1.5:1 என்று இருந்ததைப் பார்த்தேன், எஞ்சின் ஒன்றரைச் சுற்றுச் சுற்றினால் தண்டு ஒரு சுற்றுச் சுற்றும் என்று பொருள். அந்த எண் என் படகுக்கு என்ன சொல்கிறது என்று யோசிக்கவில்லை. அந்த எஞ்சினும் பெட்டியும் முன்பு எடை குறைந்த ஒரு வேகப்படகில் இருந்தவை. என் படகின் எடை அதைப்போல இரண்டு மடங்கு.

புரொப்பெல்லர் பழையதுதான்: 18 × 14. புதிதாகப் பழகுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த இரண்டு எண்களில் முதலாவது விட்டம். இறக்கைகளின் நுனிகள் வரையும் வட்டத்தின் அகலம். இரண்டாவது பிட்ச், மரத்தில் திருகாணி இறங்குவது போல, ஒரு சுற்றுக்குப் புரொப்பெல்லர் நழுவாமல் முன்னேறினால் எத்தனை அங்குலம் போகும் என்பது. தண்ணீர் மரம் அல்ல, அதனால் எப்போதும் கொஞ்சம் நழுவும். இரண்டு எண்களும் அங்குலத்தில்தான் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும்.

முழு த்ராட்டில் கொடுத்தால், எஞ்சின் சுழற்சியைக் காட்டும் டேக்கோமீட்டர் 3,100க்கு மேல் ஏறவில்லை. கரும்புகை. முதலில் காற்று வடிகட்டியைச் சந்தேகித்தோம், பிறகு இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதித்தோம். எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. டீசல் எஞ்சின் கரும்புகை கக்கினால் உள்ளே போகிற எரிபொருளுக்குத் தேவையான காற்று கிடைக்கவில்லை என்று அர்த்தம். காற்று வழியில் அடைப்பு இல்லையென்றால், எஞ்சினைச் சுற்றவிடாமல் ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது. எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற பாகம், குறைந்துபோன சுழற்சியை எட்டுவதற்காக மேலும் மேலும் டீசலைத் தள்ளுகிறது. வேகம் ஏறாததால் காற்று கூடுவதில்லை. பிடித்து வைத்திருந்தது புரொப்பெல்லர்.

பிட்சை 1 அங்குலம் குறைத்தால் எஞ்சின் சுழற்சி ஏறக்குறைய 150 முதல் 200 வரை கூடும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் கையாளும் கணக்கு. எனக்கு வேண்டியது 500. பட்டறைக்காரர் 2 அங்குலம் குறைத்து 18 × 12 ஆக்கித் தந்தார். அப்போதே ஒன்றைக் கவனித்தார்: மூன்று இறக்கைகளில் ஒன்றின் பிட்ச் முத்திரையில் இருந்த 14ஐ விட அரை அங்குலம் குறைந்திருந்தது. எப்போதோ எதிலோ இடித்து, யாரோ கண் அளவில் தட்டி நிமிர்த்தியிருக்கிறார்கள். பழைய புரொப்பெல்லரின் முத்திரையை நம்பி எந்தக் கணக்கையும் போடாதீர்கள். ஒவ்வொரு இறக்கையையும் அளவுகோலில் வைத்து அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஒழுங்கான பட்டறை மறுக்காது.

திரும்பப் பொருத்தி ஓட்டியதில் டேக்கோமீட்டர் 3,500 காட்டியது. புகை மட்டுப்பட்டிருந்தது, முழுதாகப் போகவில்லை. இன்னும் நூறுதானே, போகட்டும் என்று விட்டுவிட்டேன். முழு த்ராட்டிலில் நான் ஓட்டுவதே அபூர்வம், பிறகென்ன என்றும் நினைத்தேன்.

இந்த நினைப்பு எவ்வளவு தவறு என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் இதைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். புரொப்பெல்லர் சுற்றுவதற்குத் தேவைப்படும் சக்தி சுழற்சியின் மூன்றாம் அடுக்குக்கு நெருக்கமாக ஏறுகிறது. பாதி வேகத்தில் சுற்ற, முழு வேகத்துக்கு வேண்டியதில் எட்டில் ஒரு பங்கு போதும். அதனால்தான் சரியான அளவுள்ள புரொப்பெல்லரில் நடுத்தர வேகத்தில் எஞ்சினுக்கு நிறைய கையிருப்பு இருக்கிறது. பெரிதான, அல்லது பிட்ச் கூடிய புரொப்பெல்லர் அந்தக் கையிருப்பை எல்லா வேகத்திலும் தின்றுவிடும். உச்சத்தில் 10 விழுக்காடு குறைவது ஒரு அறிகுறிதான்; நோய் கீழே, நாம் நாள் முழுக்க ஓட்டுகிற 2,600லும் 2,800லும் இருக்கிறது. முழு த்ராட்டில் சோதனை என்பது முழு த்ராட்டிலில் ஓட்டுவதற்காக அல்ல. நடுவில் கையிருப்பு உண்டா இல்லையா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதற்காக.

ஒரு பருவம் முழுக்க அப்படியே ஓட்டினேன். பருவ முடிவில் ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைந்தது. சிலிண்டர் தலையைத் திறந்து, புகையை வெளியே விடும் எக்சாஸ்ட் வால்வு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார் பழுதுபார்ப்பவர். வட்டமாக இருக்க வேண்டிய விளிம்பில் எலி கடித்த அப்பளம் போல ஒரு துண்டு இல்லை. இல்லாத இடத்தின் ஓரம் நீலமும் சாம்பலுமாக இருந்தது. வெப்பம் தின்ற நிறம் அது.

அதன் பிறகுதான், கப்பல் கட்டும் தளத்தில் வாழ்நாள் முழுதும் தண்டுகள் பொருத்தி ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் போனேன். அவர் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார், அதனால் சொல்லவில்லை. நான் கதை சொல்லி முடிக்கும் வரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு மூன்றே கேள்விகள்.

"டேக்கோமீட்டரை எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள், தம்பி?"

"ஒப்பிடவில்லை, ஐயா."

"கியர் பெட்டியின் விகிதம் என்ன? தண்டின் நடுவிலிருந்து படகின் அடிப்பலகை வரை எத்தனை அங்குலம்?"

இரண்டாவதற்குப் பதில் தெரியும். மூன்றாவதை அளந்ததே இல்லை.

மறுநாள் ஒளியால் அளக்கும் சிறிய கருவியோடு வந்தார். எஞ்சினின் முன்பக்கக் கப்பியைத் துடைத்து, நகத்தளவு பளபளப்பு நாடாவை ஒட்டினார். நான் ஓட்ட, அவர் எஞ்சின் அறை வாயிலில் மண்டியிட்டுச் சட்டைக் கைகளை முழங்கைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, கருவியின் செந்நிறப் புள்ளியை அந்த நாடாவில் பிடித்தார். டேக்கோமீட்டர் 3,500. அவர் கையிலிருந்த கருவி 3,210.

காரணம் எளிது. பல டீசல் எஞ்சின்களில் டேக்கோமீட்டர் எஞ்சினை நேரடியாக எண்ணுவதில்லை. மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் துடிப்பை எண்ணுகிறது. எனக்கு முந்தைய உரிமையாளர் ஆல்டர்னேட்டரில் சற்றுச் சிறிய கப்பியைப் போட்டிருந்தார். ஆல்டர்னேட்டர் வேகமாகச் சுற்றியது, முள் அதற்கேற்ப மிகையாகக் காட்டியது. நான் 3,100 என்று நம்பிய முதல் நாளில் உண்மை 2,850க்குள்தான் இருந்திருக்கும். 500 கூட்ட வேண்டும் என்று நான் கணக்குப் போட்டபோது உண்மையில் தேவை 750. அடிப்படை எண்ணே தவறு. அதன் மேல் கட்டிய கணக்கு எப்படி நிற்கும்? அந்தச் சிறிய கருவியைப் பிறகு சொந்தமாக வாங்கினேன். படகுக்காக நான் வாங்கியவற்றில் மிகக் குறைந்த செலவு, மிக அதிகப் பயன்.

அடுத்து, அந்த எஞ்சினுக்கும் அந்தக் கியர் விகிதத்துக்கும் முறைப்படி கணக்குப் போட்டோம். எஞ்சின் 3,600, விகிதம் 1.5, ஆகவே தண்டு 2,400. கியர் பெட்டியில் இழப்பது போகத் தண்டுக்கு வருவது ஏறக்குறைய 145 குதிரைத்திறன். அந்தச் சக்தியை அந்தச் சுழற்சியில் வாங்கிக்கொள்ள 16 அங்குல விட்டமும் 12 அங்குல பிட்சும் வந்தன. 16 × 12 புதிதாக வாங்கிப் பொருத்தினேன். ஒளிக்கருவியில் 3,590. புகை இல்லை. பின்பலகை வெள்ளையாகவே இருந்தது.

ஆனால் படகு நகர மனமில்லாமல் நகர்ந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எஞ்சின் உற்சாகமாகப் பாடுகிறது, பின்னால் வெள்ளை நுரை கொட்டுகிறது, படகு மூக்கைத் தூக்கியபடி நெடுநேரம் உழன்றுவிட்டுத்தான் சமநிலைக்கு வருகிறது. நான்கு பேர் கூடுதலாக ஏறினால் அதுவும் இல்லை. எதிர் அலையில் வேகம் சரிந்துகொண்டே போகும். ரிவர்ஸ் போட்டு நிறுத்தப் பார்த்தால், துறையை நெருங்கும் நேரத்தில் நெஞ்சு பதறும் அளவுக்குத் தாமதம். உச்ச வேகம் 14.5 நாட், அதாவது மணிக்கு 14.5 கடல் மைல்.

நழுவல் எவ்வளவு என்று பாருங்கள். எஞ்சின் சுழற்சியைக் கியர் விகிதத்தால் வகுத்து, வருவதைப் பிட்சால் பெருக்கி, 1,215ஆல் வகுத்தால், நழுவாமல் ஓடினால் கிடைக்கும் வேகம் நாட் கணக்கில் வரும். மணிக்கு மைல் வேண்டுமென்றால் 1,056ஆல் வகுக்க வேண்டும். என் படகுக்கு 2,400 × 12 ÷ 1,215, அதாவது 23.7 நாட். ஓடியது 14.5. நழுவல் 39 விழுக்காடு. நீரின் மேலேறி வழுக்கி ஓடும் இலகுவான படகுகளில் 10 முதல் 20 வரை இருக்கும். நீரைக் கிழித்துக்கொண்டு மெதுவாகப் போகும் கனமான படகில் 40ஐத் தாண்டுவதும் இயல்பே. என் படகு இரண்டுக்கும் இடைப்பட்டது. அதற்கு 39 அதிகம்.

"எஞ்சினுக்குச் சரியான புரொப்பெல்லர் கிடைத்துவிட்டது, தம்பி. படகுக்குச் சரியானது கிடைக்கவில்லை" என்றார் பெரியவர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் கியர் விகிதத்தைப் பற்றிய விஷயம் முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது. புரொப்பெல்லர் தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது, அதனால் படகு முன்னால் போகிறது. ஒரே அளவு உந்துதலை இரண்டு விதமாகப் பெறலாம்: நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளலாம், அல்லது கொஞ்சம் தண்ணீரை வேகமாகத் தள்ளலாம். உந்துதல் தண்ணீரின் வேகத்தோடு நேராக ஏறுகிறது. அதற்குச் செலவாகும் சக்தியோ வேகத்தின் இருமடியோடு ஏறுகிறது. எனவே நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளுவதே சிக்கனம். துடுப்பு வைத்திருப்பவன் இரண்டு இழுப்பில் போகிற தூரத்துக்குக் கரண்டி வைத்திருப்பவன் கை ஓய்கிற வரை துழாவ வேண்டும். விட்டம் கூடினால் துடுப்பு, குறைந்தால் கரண்டி.

ஆனால் விட்டத்தை நம் இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது. தண்டு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அதுதான் விட்டத்தின் எல்லையைத் தீர்மானிக்கிறது. வேகமாகச் சுற்றும் தண்டில் பெரிய புரொப்பெல்லரை மாட்டினால் எஞ்சின் திணறும். என் முதல் பருவம் அதுதான். தண்டின் வேகத்தைக் குறைப்பது கியர் பெட்டி. அதே 145 குதிரைத்திறனுக்குக் கணக்குப் போட்டால், 1.5:1 விகிதத்தில் 16 அங்குலம் வருகிறது, 2:1 விகிதத்தில் தண்டு 1,800 சுற்ற, 19 அங்குலம், 2.5:1 விகிதத்தில் தண்டு 1,440 சுற்ற, ஏறக்குறைய 22 அங்குலம். 16 அங்குல வட்டத்தைவிட 19 அங்குல வட்டம் பரப்பில் 41 விழுக்காடு பெரியது. எஞ்சின் அதேதான், டீசல் அதேதான். கையில் பிடிக்கும் தண்ணீர் அவ்வளவு கூடுகிறது.

அதாவது, நான் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். படகின் அடியில் எவ்வளவு பெரிய புரொப்பெல்லருக்கு இடம் இருக்கிறது, அதை நிதானமாகச் சுற்ற எந்த விகிதம் வேண்டும், அந்த விகிதத்தில் எந்த பிட்ச் எஞ்சினை அதன் உச்ச சுழற்சியில் நிறுத்தும் என்ற வரிசையில் போவதே சரி. நான் கடைசியிலிருந்து முதலுக்கு நடந்தேன். கியர் பெட்டி என்பது எஞ்சினோடு வந்த ஒரு சாமான் என்றே எண்ணியிருந்தேன்.

அளந்தோம். தண்டின் நடுவிலிருந்து அடிப்பலகைக்கு 12.5 அங்குலம். இறக்கையின் நுனிக்கும் அடிப்பலகைக்கும் இடையில் விட்டத்தில் 15 விழுக்காடாவது இடைவெளி இருப்பது நல்லது; 10க்குக் கீழே போனால் ஒவ்வொரு இறக்கையும் கடக்கும்போது அடிப்பலகையில் ஓர் உதை விழும், படகு முழுக்க அதிரும். 22 அங்குலம் போட்டால் மீதி ஒன்றரை அங்குலமே, முடியாது. 19 அங்குலத்துக்கு 3 அங்குலம் மீதி. ஆக 2:1.

1894இல் சார்லஸ் பார்சன்ஸ் தம் டர்பினியா கப்பலில் நீராவி டர்பைனை இதே சிக்கலோடுதான் ஓட்டினார் என்று பிற்பாடு படித்தேன். டர்பைன் அசுர வேகத்தில் சுற்றியது. அதனோடு நேராக இணைத்த ஒற்றைத் தண்டின் புரொப்பெல்லர் தண்ணீரைப் பிடிக்காமல் அதில் குழிகளை உண்டாக்கிக்கொண்டே சுற்றியது. கப்பல் 20 நாட் வேகத்தை எட்டவில்லை. மூன்று தண்டுகள், ஒவ்வொன்றிலும் மூன்று என ஒன்பது சிறு புரொப்பெல்லர்களுக்கு அந்தச் சக்தியைப் பகிர்ந்து கொடுத்த பிறகு 1897இல் 34 நாட் ஓடியது. பிற்காலத்தில் டர்பைனுக்கும் தண்டுக்கும் இடையே வேகத்தைக் குறைக்கும் கியரைப் போட்டுச் சோதித்தவரும் அவரே. அவ்வளவு பெரிய பொறியாளரே இந்தக் கதவைத் தட்டித்தான் திறந்தார் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

என் 16 அங்குலப் புரொப்பெல்லரிலும் அந்தக் குழிகளின் தடம் இருந்தது. கழற்றியபோது இறக்கைகளின் பின்புற முகம் வழுவழுப்பாக இருந்தது; படகின் முன்பக்கம் பார்த்த முகத்தில், நுனிக்கு அருகே, அம்மி கொத்தியது போலப் புள்ளிப் புள்ளியாகப் பொரிந்திருந்தது. விரலை ஓட்டினால் உப்புத்தாள். சிறிய இறக்கைகளின் மேல் அளவுக்கு மீறிய சுமை வந்தால், உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் மிகவும் தாழ்ந்து, தண்ணீர் சூடாகாமலே ஆவியாகிக் குமிழ்களாகும். அந்தக் குமிழ்கள் உடையும்போது உலோகத்தைக் கொத்துகின்றன. இதுதான் கேவிடேஷன். கூர்மையான திருப்பத்தில் புரொப்பெல்லர் மேலிருந்து காற்றை இழுத்துக்கொண்டு எஞ்சின் திடீரென்று அலறுகிறதே, அது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். மருந்தும் வேறு வேறு.

கியர் பெட்டியை மாற்றுவது புரொப்பெல்லர் மாற்றுவது போல ஒரு பிற்பகல் வேலை அல்ல. தண்டின் வேகத்தைக் குறைத்தால் முறுக்குவிசை அதே விகிதத்தில் கூடும். 1.5இலிருந்து 2க்குப் போனால் தண்டு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் முறுக்கைத் தாங்க வேண்டும். என் 1.25 அங்குலத் தண்டு அதற்குப் போதவில்லை, 1.5 அங்குலமாக மாற்றினேன். தண்டு மாறியதும் பேரிங்கும், தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலும், இணைப்புத் தட்டும் மாறின. புதுப் பெட்டியின் வெளியீட்டு அச்சு பழையதைவிடத் தாழ்ந்திருந்ததால் எஞ்சினின் இருக்கையை உயர்த்த வேண்டியிருந்தது. இதையெல்லாம் முன்கூட்டியே எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். புது எஞ்சின் வாங்கும் நாளிலேயே சரியான விகிதத்தைக் கேட்டு வாங்கியிருந்தால் இந்தச் செலவில் பெரும்பகுதி எனக்கு மிச்சமாகியிருக்கும்.

சுற்றும் திசையையும் மறக்கக் கூடாது. படகுக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது, முன்னோக்கிய கியரில் புரொப்பெல்லர் கடிகார முள் போகும் திசையில் சுற்றினால் அது வலச்சுற்று. புதுப் பெட்டி தண்டை எந்தப் பக்கம் சுற்றும் என்று உறுதி செய்யாமல் புரொப்பெல்லர் வாங்கினால் அது வெறும் பித்தளைப் பொம்மைதான். வலச்சுற்றுப் புரொப்பெல்லர் ரிவர்ஸில் படகின் பின்புறத்தை இடப்பக்கம் இழுக்கும். பெரிய விட்டத்தில் இந்த இழுப்பு இன்னும் தெரியும். துறையில் படகைக் கட்டும் பக்கத்தை அதற்கேற்ப மாற்றிக்கொண்டேன். பெட்டியில் தகடு இல்லாதவர்கள், எஞ்சினை நிறுத்தி, கியரைப் போட்டு, தண்டின் இணைப்புத் தட்டில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு கிழித்துக்கொண்டு, கப்பியைக் கையால் சுற்றி எண்ணலாம். தண்டு பத்துச் சுற்றுச் சுற்ற எஞ்சின் எத்தனை சுற்றுகிறதோ, அதைப் பத்தால் வகுத்தால் வருவதே விகிதம். சில பெட்டிகளில் முன்னோக்கிய விகிதமும் ரிவர்ஸ் விகிதமும் வேறு வேறாக இருக்கும்.

புதுப் புரொப்பெல்லர் 19 × 16. சோதனை நாளில் டீசல் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் நிரம்ப, வழக்கமாக ஏறும் ஆட்கள் எல்லோரும் ஏறினர். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. காலிப் படகில் சரியாக நிற்கும் புரொப்பெல்லர் சுமை ஏறியதும் எஞ்சினை அழுத்தும். அடிப்பாகத்தை முந்தின நாள்தான் சுத்தம் செய்திருந்தோம். அலை இல்லாத நேரம், போதிய ஆழம். போகும்போதும் வரும்போதும் ஜி.பி.எஸ். வேகத்தைக் குறித்து, சராசரி எடுத்தோம். இல்லையென்றால் நீரோட்டம் பொய் சொல்லிவிடும். ஒளிக்கருவி 3,480 காட்டியது. பட்டறைக்குக் கொண்டுபோய் 1 அங்குலம் குறைத்து 15 ஆக்கியதும் 3,640. முழுச் சுமையோடு உச்ச சுழற்சியைவிடச் சற்று மேலே, நான் விரும்பிய இடத்தில் நின்றது.

வேகம் 16.5 நாட். நழுவாத கணக்கில் 22.5 வரும், நழுவல் 27 விழுக்காடு. உச்ச வேகத்தில் கூடிய இரண்டு நாட் அளவைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது நடுத்தர வேகம்தான். 12 நாட் போக முன்பு 3,100ஐத் தாண்ட வேண்டியிருந்தது. இப்போது 2,800க்குள் முடிகிறது, பேசினால் காதில் விழுகிறது. ஒரே வழித்தடத்துக்கு டீசல் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைந்திருப்பதை என் கணக்குப் புத்தகம் சொல்கிறது. ரிவர்ஸ் போட்டால் படகு அந்த இடத்திலேயே நிற்கிறது.

படகின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் வைத்திருப்பவர்கள், கீழ்ப்பெட்டிக்குள் விகிதம் பூட்டப்பட்டிருக்கிறதே, எங்களுக்கு இதில் என்ன என்று கேட்பார்கள். வாங்கும் நாளில் இருக்கிறது. ஒரே குதிரைத்திறனில், விகிதம் கூடிய, பெரிய புரொப்பெல்லர் பொருந்தும் உயர் உந்துதல் வகைகள் விற்கின்றன. கனமான, மெதுவான படகுக்கு அவையே பொருத்தம். இலகுவான வேகப்படகில் அவற்றைப் போட்டால் உச்ச வேகம் போய்விடும். வாங்கிய பிறகு கையில் மிஞ்சுவது பிட்ச்தான். நண்பர் ஒருவரின் பெட்ரோல் அவுட்போர்டுக்கு முழு த்ராட்டிலில் 5,000 முதல் 6,000 வரை என்று கையேடு சொல்கிறது. 19 பிட்சில் இரண்டு பேரோடு 5,200 எட்டியது. ஆறு பேர் ஏறியதும் 4,700க்கு விழுந்தது. 17 பிட்சுக்கு மாறினார். இருவரோடு 5,600, அறுவரோடு 5,100. உச்ச வேகத்தில் ஏதோ ஒரு துளி இழந்தார். சுமையோடு எஞ்சின் அனுமதித்த எல்லைக்குள் நிற்கிறது, அதுவே முக்கியம். பெட்ரோல் எஞ்சின் கரும்புகை விட்டு எச்சரிப்பதில்லை. அளவுக்கு மீறிய சுமையில் உள்ளுக்குள் தட்டித் தட்டி பிஸ்டனைக் கெடுத்துவிடும்.

கியரை மாற்றவே வழியில்லை, அடியில் இடமும் இல்லை என்றால் நான்கு இறக்கைப் புரொப்பெல்லர் நல்ல இரண்டாம் வழி. விட்டம் கூடாமலே பரப்பு கூடும், பிடிப்பு கூடும், அதிர்வு குறையும். அதே சுமைக்குப் பிட்சை 1 அங்குலம் போலக் குறைக்க வேண்டிவரும். இறக்கையின் பின் விளிம்பைச் சற்றே மடித்துவிடும் கப் என்பதும் உதவும். ஆனால் அது அரை முதல் 1 அங்குலம் பிட்ச் கூட்டியதற்குச் சமம் என்பதை நினைவில் வைத்துத்தான் வாங்க வேண்டும்.

அந்தப் பளபளப்பு நாடா இன்னும் கப்பியில் இருக்கிறது. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அதே சுமையோடு அதே நீரில் ஓட்டி எண்ணைக் குறித்து வைக்கிறேன். முதல் ஆண்டு 3,640, அடுத்த ஆண்டு 3,620. இந்த ஆண்டு 3,510தான் வந்தது, லேசாகப் புகையும் தெரிந்தது. புரொப்பெல்லரைத் தொடவில்லை. படகை மேலே ஏற்றி, அடியிலும் தண்டிலும் இறக்கைகளின் வேர்ப்பகுதியிலும் ஒட்டியிருந்த கொட்டலசுகளையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி இறக்கினேன். 3,630.